4 ஜிபி லேப்டாப், விர்ச்சுவல்பாக்ஸ், இலகுவான லினக்ஸ்: எதைப் போடலாம்?

தாமிரபரணி22 | சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் லேப் இருக்கிறது. ஷெல் ஸ்கிரிப்ட், அப்புறம் சி மொழியில் ஃபோர்க் (ஓடும் நிரல் தன்னைப் போலவே இன்னொன்றை உருவாக்குவது), எக்ஸெக், பைப், செமஃபோர் (ஒரே நேரத்தில் ஓடும் நிரல்கள் மோதாமல் முறைவைப்பது) எல்லாம் எழுத வேண்டும். கல்லூரி லேபில் வாரத்துக்கு ஒரு நாள்தான் உட்காரக் கிடைக்கிறது. வீட்டில் பழகினால்தான் உண்டு.

வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப். ஐ3 ஐந்தாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க் (எஸ்எஸ்டி இல்லை), விண்டோஸ் 10. அக்கா இதில்தான் டிஎன்பிஎஸ்சி-க்குப் படிக்கிறாள். அவளுடைய குறிப்புகள், மாதிரித் தேர்வுகள் எல்லாம் இதில் இருக்கின்றன. அதனால் பார்ட்டிஷனில் கை வைக்க வீட்டில் அனுமதி இல்லை.

விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு கணினியை (விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக வி.எம்.) ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு 24.04 நிறுவினேன். 2 ஜிபி ராமும் ஒரு சிபியுவும் கொடுத்தேன். லாகின் திரை வரவே எட்டு நிமிடம் ஆகிறது. டெர்மினலில் ஒரு எழுத்தை அடித்தால் மூன்று நொடி கழித்துத் திரையில் தெரிகிறது. கூடவே விண்டோஸும் திணறுகிறது.

பப்பி, டைனி கோர், ஆன்டிஎக்ஸ், லுபுண்டு, ஆல்பைன் என்று ஆளுக்கு ஒரு டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) சொல்கிறார்கள். ஒவ்வொன்றாக இறக்கிப் பார்க்க டேட்டா இல்லை, ஒரு நாளைக்கு 1.5 ஜிபிதான். ஒன்றைச் சொல்லுங்கள், அதையே போடுகிறேன்.


பழையகணினி | சனி, இரவு 10.15

தம்பி, 2 ஜிபி ராமில் உபுண்டு 24.04 ஓடாததில் ஆச்சரியம் இல்லை. அவர்களே 4 ஜிபி வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். நீங்கள் வைத்திருப்பதே மொத்தம் 4.

என் யோசனை வேறு. வி.எம். வேண்டாம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ஆன்டிஎக்ஸ் போட்டு அதிலிருந்தே பூட் செய்யுங்கள். டெபியனை அடிப்படையாகக் கொண்டது, சிஸ்டம்டி (சேவைகளைத் துவக்கி நிர்வகிக்கும் நிரல்) கிடையாது, ஐஸ்டபிள்யூஎம் சாளர மேலாளரோடு வரும். செய்த மாற்றங்களைப் பென் டிரைவிலேயே சேமித்து வைக்கும் வசதியும் உண்டு. ஹார்ட் டிஸ்க்கைத் தொடவே தேவையில்லை. முழு 4 ஜிபியும் லினக்ஸுக்கே கிடைக்கும். ஓய்வு பெற்ற பிறகு பள்ளிக்கூடத்துப் பழைய மெஷின்கள் பதினைந்துக்கு மேல் இப்படித்தான் உயிர் கொடுத்திருக்கிறேன்.


முனையம் | சனி, இரவு 10.32

ஆல்பைன். வி.எம்.களுக்கென்றே தனியாக ஒரு ஐஎஸ்ஓ (நிறுவும் கோப்பு) தருகிறார்கள், ‘விர்ட்’ என்று பெயர். சுமார் 65 எம்பிதான். உங்கள் ஒரு நாள் டேட்டாவில் இருபது தடவை இறக்கலாம். நிறுவிய பிறகு என்னிடம் 50 எம்பி ராம் அளவில்தான் ஓடுகிறது.


தாமிரபரணி22 | சனி, இரவு 10.50

@பழையகணினி ஐயா, பென் டிரைவ் நல்ல யோசனைதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் ரீபூட் செய்ய வேண்டும். நான் பழகிக்கொண்டிருக்கும்போது அக்கா ‘பத்து நிமிடம் கொடு’ என்று வந்தால் எல்லாவற்றையும் மூடி மறுபடி விண்டோஸுக்குப் போக வேண்டும். இந்த ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஒரு தடவை எழுந்திருக்கவே ஐந்து நிமிடம் ஆகும். அதனால்தான் வி.எம். கேட்கிறேன்.

@முனையம் அண்ணா, ஆல்பைனில் சி கம்பைலர் இருக்குமா?


கருவிப்பெட்டி | சனி, இரவு 11.20

எந்த டிஸ்ட்ரோ என்பதைப் பிறகு பேசலாம். முதலில் ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள் தம்பி. வி.எம். ஓடும்போது அந்தச் சாளரத்தின் கீழ் வலது மூலையில் வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள் இருக்கும். கடைசிப் பக்கமாக நீலத்தில் ஒரு சிப் படமா, பச்சை நிறத்தில் ஒரு ஆமையா?

கேட்பதற்குக் காரணம், நீங்கள் சொல்லும் எட்டு நிமிடமும் மூன்று நொடியும் ராம் பற்றாக்குறை மட்டும் செய்கிற வேலையாகத் தெரியவில்லை.


தாமிரபரணி22 | ஞாயிறு, காலை 8.05

ஆமைதான் அண்ணா! அது என்ன என்றே தெரியாமல் இருந்தேன்.


கருவிப்பெட்டி | ஞாயிறு, காலை 9.10

அக்கா என்றே கூப்பிடலாம் :-)

அந்த ஆமைக்கு அர்த்தம் இது: சிபியுவில் உள்ள விர்ச்சுவலைசேஷன் வசதியை விண்டோஸின் சொந்த வி.எம். வசதியான ஹைப்பர்-வி முதலில் பிடித்துக்கொண்டுவிட்டது. விர்ச்சுவல்பாக்ஸ் நேரடியாகச் சிபியுவிடம் போக முடியாமல் ஹைப்பர்-வி வழியாகச் சுற்றிப் போகிறது. ஓடும், ஆனால் இழுத்து இழுத்து ஓடும். இந்த நிலையில் எந்த டிஸ்ட்ரோவை வைத்தாலும் அதுவும் ஆமைதான்.

நீங்கள் எப்போதாவது டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) போட்டுப் பார்த்தீர்களா? அது ‘விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம்’ என்ற விண்டோஸ் வசதியை இயக்கிவிடும். டபிள்யூஎஸ்எல் 2 என்பதே ஹைப்பர்-வி மேல் ஓடும் ஒரு சின்ன வி.எம்.தான், உள்ளே நிஜமான லினக்ஸ் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) இருக்கிறது.

செய்ய வேண்டியது: கன்ட்ரோல் பேனலில் ‘விண்டோஸ் வசதிகளை இயக்கு அல்லது நிறுத்து’ என்ற பெட்டியைத் திறங்கள். ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றிலும் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். ரீஸ்டார்ட். அதற்குப் பிறகும் ஆமை போகவில்லை என்றால் விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘கோர் ஐசொலேஷன்’ பகுதியில் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ இயங்குகிறதா பாருங்கள். அது நல்ல பாதுகாப்பு வசதி. வேறு வழி இல்லாவிட்டால் மட்டும் அணையுங்கள்.


தாமிரபரணி22 | ஞாயிறு, காலை 10.45

மன்னிக்கவும் அக்கா. ஆமாம், போன மாதம் ஒரு வீடியோவைப் பார்த்து டபிள்யூஎஸ்எல் போட்டேன், பிறகு விட்டுவிட்டேன். விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்மில் டிக் இருந்தது. எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். இப்போது நீல சிப் வருகிறது!

அதே உபுண்டு மூன்று நிமிடத்தில் வந்துவிட்டது. இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுத்து அடித்த உடனே வருகிறது. இனி டிஸ்ட்ரோவைச் சொல்லுங்கள்.


கருவிப்பெட்டி | ஞாயிறு, மதியம் 12.30

சரி, இப்போது பேசலாம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘இலகுவான லினக்ஸ்’ என்று நாம் பட்டியல் போடுகிற பலவும் பழைய மெஷின்களுக்காகச் செதுக்கப்பட்டவை. பழைய கிராஃபிக்ஸ் கார்டு, பழைய வைஃபை சிப், டிவிடி டிரைவ், இவற்றையெல்லாம் அடையாளம் கண்டு ஓட வைப்பது அவற்றின் பெரிய பலம். வி.எம்.க்குள் அந்தப் பலத்துக்கு வேலையே இல்லை. விர்ச்சுவல்பாக்ஸ் காட்டுகிற நெட்வொர்க் கார்டும் டிஸ்க்கும் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான். பப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். முழு சிஸ்டத்தையும் ராமுக்குள் ஏற்றிக்கொண்டு ஓடுவதால் பழைய மெஷினில் பறக்கும். வி.எம்.மில் ராம்தான் நமக்குத் தட்டுப்பாடான பொருள். அதைப் போய் டிஸ்க்குக்குப் பதிலாகச் செலவழிப்பானேன்?

வி.எம்.மில் எடை மூன்று இடத்திலிருந்து வருகிறது: டெஸ்க்டாப், பிரவுசர், அந்த டெஸ்க்டாப்பைத் திரையில் வரைகிற வேலை. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. வி.எம்.மில் 3டி வசதி சரியாகக் கிடைக்காதபோது சாளரங்களின் நிழல், மங்கல், நழுவல் எல்லாவற்றையும் சிபியுவே கணக்குப் போட்டு வரைகிறது. உங்கள் ஐ3-இன் இரண்டு கோர்களில் ஒன்று அதற்கே போய்விடும்.

உங்கள் தேவைக்கு இந்த மூன்றுமே வேண்டாம். பிரவுசர் விண்டோஸில் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது ஒரு கெர்னல், ஒரு ஷெல் (கட்டளை அடிக்கும் இடம்), ஜிசிசி (சி கம்பைலர்), மேன் பக்கங்கள் (கட்டளைகளின் கையேடு). அதனால் டெஸ்க்டாப் இல்லாத டெபியன் போடுங்கள். விண்டோஸிலிருந்து எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியின் கட்டளைத் திரைக்குள் பாதுகாப்பாகப் போகும் வழி) மூலம் உள்ளே போய் வேலை செய்யுங்கள். நான் வேலை செய்யும் இடத்தில் சர்வர்கள் அத்தனையும் இப்படித்தான் ஓடுகின்றன. திரை என்ற ஒன்றே அவற்றுக்குக் கிடையாது.

டெபியன் 13-இன் ‘நெட்இன்ஸ்ட்’ ஐஎஸ்ஓவை இறக்குங்கள். 1 ஜிபிக்குக் குறைவு, ஒரு நாள் டேட்டாவில் முடியும். அடிப்படை சிஸ்டம் அதற்குள்ளேயே இருப்பதால் நிறுவும்போது பெரிதாக எதையும் இறக்காது. மறுநாள் டேட்டாவில் கம்பைலரை இறக்கிக்கொள்ளலாம், நூறு எம்பியை ஒட்டி வரும்.

புது வி.எம். உருவாக்கும்போது ஐஎஸ்ஓவைக் காட்டியதும் விர்ச்சுவல்பாக்ஸ் ‘நானே நிறுவித் தருகிறேன்’ என்று தானியங்கி நிறுவலுக்குப் போகும். அதை வேண்டாம் என்று சொல்லும் டிக் அதே பக்கத்தில் இருக்கிறது. மறக்காதீர்கள். தானாக நிறுவினால் டெஸ்க்டாப்பும் வரும், சூடோ (நிர்வாகி உரிமையோடு கட்டளை கொடுக்கும்) அனுமதி இல்லாத பயனரும் வருவார், அப்புறம் இங்கே வந்து அதற்கு ஒரு கேள்வி கேட்பீர்கள்.

ராம் 1024 எம்பி. சிபியு 1. டிஸ்க் 8 ஜிபி போதும். உங்களுடையது சுழலும் ஹார்ட் டிஸ்க் என்பதால் முழு அளவையும் முன்கூட்டியே ஒதுக்கும் தேர்வை எடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக வளரும் டிஸ்க் கோப்பு காலப்போக்கில் துண்டு துண்டாகச் சிதறும், ஹார்ட் டிஸ்க்கின் முள் அங்கும் இங்கும் ஓடித் தேட வேண்டியிருக்கும்.

நிறுவும்போது ரூட் (நிர்வாகி) கடவுச்சொல் கேட்கும் இடத்தில் இரண்டு பெட்டிகளையும் காலியாக விட்டு அடுத்ததுக்குப் போங்கள். அப்படி விட்டால் டெபியன் சூடோவை நிறுவி உங்கள் பயனருக்கு அனுமதியும் கொடுத்துவிடும். ஏதாவது அடித்தால் கொடுக்காது. இந்தச் சின்ன விஷயத்தில் தடுக்கி விழுந்தவர்கள் ஏராளம்.

கடைசியில் எந்த மென்பொருள் தொகுப்புகள் வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். டெஸ்க்டாப், க்னோம் இரண்டிலும் ஸ்பேஸ் பாரைத் தட்டி நட்சத்திரத்தை எடுங்கள். எஸ்எஸ்ஹெச் சர்வருக்கும் அடிப்படைக் கருவிகளுக்கும் மட்டும் நட்சத்திரம் இருக்கட்டும்.

பிறகு வி.எம்.மின் நெட்வொர்க் அமைப்பில் நாட் முறையை (வி.எம். விண்டோஸின் இணைப்பு வழியாக வெளியே போவது) அப்படியே வைத்துவிட்டு ‘போர்ட் ஃபார்வர்டிங்’ திறந்து ஒரு வரி சேருங்கள்: டிசிபி, ஹோஸ்ட் (விண்டோஸ்) போர்ட் 2222, கெஸ்ட் (வி.எம்.) போர்ட் 22. ஐபி பெட்டிகள் காலியாக இருக்கலாம். விண்டோஸ் 10-இல் 2018-இலிருந்தே எஸ்எஸ்ஹெச் உள்ளே இருக்கிறது, புட்டி மாதிரித் தனி எஸ்எஸ்ஹெச் நிரல் எதுவும் இறக்க வேண்டாம். கட்டளைச் சாளரத்தைத் திறந்து லோக்கல்ஹோஸ்டுக்கு 2222 போர்ட்டில் உங்கள் பயனர் பெயரோடு போங்கள்.

ஒரு தடவை இணைந்துவிட்டால், அடுத்த முறை வி.எம்.மைத் துவக்கும்போது துவக்கு பொத்தானுக்குப் பக்கத்து அம்பை அழுத்தி ‘ஹெட்லெஸ்’ துவக்கத்தை எடுங்கள். சாளரமே திறக்காது. பின்னால் அமைதியாக ஓடும்.


முனையம் | ஞாயிறு, மதியம் 1.15

@கருவிப்பெட்டி நீங்கள் சொன்ன எல்லாக் காரணமும் ஆல்பைனுக்கு இன்னும் நன்றாகப் பொருந்துமே அக்கா? டெபியனுக்கு 1 ஜிபி கொடுக்கும் இடத்தில் ஆல்பைனுக்கு 256 எம்பி போதும். 4 ஜிபி மெஷினில் அது பெரிய வித்தியாசம்.


கருவிப்பெட்டி | ஞாயிறு, மதியம் 1.50

ஆல்பைன் எனக்கும் பிடிக்கும், கன்டெய்னர்களுக்குத் தினமும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் படிக்கிற பையனுக்கு முதல் லினக்ஸாகச் சொல்ல மாட்டேன்.

ஆல்பைனில் ஜிசிசி மட்டும் நிறுவி ஒரு ஹலோ வேர்ல்டைக் கம்பைல் செய்தால் ‘எஸ்டிடிஐஓ’ ஹெடர் கோப்பு இல்லை என்று சொல்லும். சி நூலகத்தின் ஹெடர்கள் தனிப் பொதியில் இருக்கின்றன, ‘பில்ட்-பேஸ்’ நிறுவ வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். மேன் பக்கங்களும் தானாக வராது. ஃபோர்க்குக்கு மேன் பக்கத்தைத் திறந்து, அது எதைத் திருப்பித் தரும், எப்போது தோற்கும் என்று படிப்பதுதான் இந்த லேபில் பாதிப் படிப்பு. அங்கே கட்டளைகள் பிஸிபாக்ஸ் என்ற சுருக்கத் தொகுப்பிலிருந்து வருகின்றன, சி நூலகம் மஸ்ல். பாடப்புத்தகத்தில் உள்ள ‘பிஎஸ்’ கட்டளையை அதே விருப்பங்களோடு அடித்தால் ‘அப்படி ஒன்று தெரியாது’ என்று வரலாம். கல்லூரி லேபில் ஜிலிப்சி (டெபியன், உபுண்டுவின் சி நூலகம்) இருக்கும், வீட்டில் மஸ்ல் இருக்கும். தவறு தன்னுடையதா சிஸ்டத்துடையதா என்று இரண்டாம் ஆண்டில் பிரித்தறிவது கஷ்டம்.

மிச்சமாகும் 700 எம்பி அந்தக் குழப்பத்துக்கு ஈடாகாது என்பது என் கருத்து.


முனையம் | ஞாயிறு, மதியம் 2.05

மேன் பக்க விஷயம் நியாயம்தான். நான் பத்து வருடமாக இதிலேயே இருப்பதால் அது தோன்றவே இல்லை. தம்பி, டெபியனே போடுங்கள். ராம் போதவில்லை என்றால் 768-க்குக் குறைத்துப் பாருங்கள், டெஸ்க்டாப் இல்லாத டெபியன் தாங்கும்.


பழையகணினி | ஞாயிறு, மாலை 4.40

கருவிப்பெட்டி அவர்கள் பழைய மெஷினுக்கான இலகு வேறு, வி.எம்.முக்கான இலகு வேறு என்று பிரித்துச் சொன்னது சரி. நான் மெஷின் பக்கத்திலிருந்தே யோசித்துப் பழகியவன்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன், பின்னால் படிக்கிறவர்களுக்கு உதவும். விர்ச்சுவல்பாக்ஸ் 6.1-லிருந்து, சிபியுவில் விர்ச்சுவலைசேஷன் வசதி இல்லாவிட்டால் வி.எம். துவங்கவே துவங்காது. முன்பு 32 பிட் கெஸ்ட்டுகளை மென்பொருள் மூலமாகவே ஓட்டும் வழி இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். இன்டெல் 2005 கடைசியில்தான் இந்த வசதியைக் கொண்டுவந்தது, அதன் பிறகும் பல வருடங்கள் விலை குறைந்த சிப்களில் விட்டுவிட்டது. பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் முதலில் பயோஸில் பாருங்கள். ஏஎம்டி போர்டுகளில் ‘எஸ்விஎம்’ என்ற பெயரில் இருக்கும், பல நேரம் அணைத்தே விற்கிறார்கள். டெபியன் 13-இல் 32 பிட் கணினிக்கான நிறுவியும் கிடையாது. அப்படிப்பட்ட மெஷினுக்கு என் பென் டிரைவ் வழிதான் சரி.

எடை எங்கிருந்து வருகிறது என்றார்களே, அதற்கு ஒரு உதாரணம். டேம் ஸ்மால் லினக்ஸ் என்று ஒன்று இருந்தது. 50 எம்பி, விசிட்டிங் கார்டு அளவு சிடியில் அடங்கும், டெஸ்க்டாப், பிரவுசர் உட்பட. பல வருடம் ஓய்ந்திருந்து 2024-இல் மறுபடி வந்தபோது அதன் எல்லை 700 எம்பி, ஒரு முழு சிடி. உருவாக்கியவர் அதே ஆள், நோக்கமும் அதே. நடுவில் இணையப் பக்கங்கள் பெருத்துவிட்டன, அவற்றைக் காட்டும் பிரவுசரும் பெருத்துவிட்டது. எனக்கு அதைப் பார்த்தபோது மனம் கனத்தது.


இரவுப்பறவை | ஞாயிறு, இரவு 8.20

ஸ்னாப்ஷாட் (வி.எம்.மின் அந்த நேரத்து நிலையைச் சேமிப்பது) பற்றி ஒரு எச்சரிக்கை, நான் பட்டது.

இறுதி ஆண்டு புராஜெக்ட் முழுவதும் ஒரு வி.எம்.மில் இருந்தது. பயந்து பயந்து வாரம் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைப்பேன். ஒரு நாள் சி டிரைவ் நிறைந்துவிட்டது. எது இடம் பிடிக்கிறது என்று தேடினால் வி.எம். ஃபோல்டருக்குள் ‘ஸ்னாப்ஷாட்ஸ்’ என்ற ஃபோல்டர், உள்ளே வளைந்த அடைப்புக்குறிக்குள் நீளநீளமான எண் பெயர்களில் கோப்புகள், மொத்தம் 31 ஜிபி. பழைய ஸ்னாப்ஷாட்தானே என்று நினைத்து எக்ஸ்புளோரரிலேயே மூன்றை அழித்தேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன்.

வி.எம். மறுபடி துவங்கவே இல்லை. அப்புறம்தான் புரிந்தது. ஸ்னாப்ஷாட் எடுத்ததும் பழைய டிஸ்க் கோப்பு அப்படியே உறைந்துவிடும். அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் புதுக் கோப்பில், முந்தையதிலிருந்து எது மாறியதோ அது மட்டும் பதிவாகும். சங்கிலி மாதிரி. நடுவில் ஒரு கண்ணியை எடுத்தால் அதற்குப் பின்னால் உள்ளது எல்லாம் வெறும் குப்பை. நான் எடுத்தது நடுக் கண்ணிகளை.

சமர்ப்பிக்க ஒன்பது நாள் இருந்தது. கைடுக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்த பழைய பிரதியிலிருந்து மறுபடி எழுதினேன். அந்த ஒன்பது நாள் இன்னும் நினைவிருக்கிறது.

ஸ்னாப்ஷாட்டை விர்ச்சுவல்பாக்ஸின் ஸ்னாப்ஷாட் பக்கத்திலிருந்து மட்டும் நீக்குங்கள், அது ஒன்றோடொன்றை இணைத்துவிட்டு நீக்கும். முக்கியமான கோப்புகளை வி.எம்.மை விட்டு வெளியே, வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். ஸ்னாப்ஷாட் இருக்கும் டிஸ்க்கே போனால் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து போகும்.


தாமிரபரணி22 | திங்கள், இரவு 9.15

நிறுவிவிட்டேன், ஆனால் ஒரு சிக்கல். அந்தச் சாளரத்தில் லாகின் ஆகிறது. விண்டோஸிலிருந்து எஸ்எஸ்ஹெச் போனால் உடனே இணைப்பு அறுந்துவிடுகிறது. போர்ட் ஃபார்வர்டிங் நீங்கள் சொன்னபடியே போட்டேன்.


கருவிப்பெட்டி | திங்கள், இரவு 9.25

வி.எம்.முக்குள் ‘சிஸ்டம்சிடிஎல்’ கட்டளையில் ‘ஸ்டேட்டஸ்’ கொடுத்து எஸ்எஸ்ஹெச் சேவை இருக்கிறதா பாருங்கள். அப்படி ஒரு சேவையே இல்லை என்று சொன்னால், பட்டியலில் நட்சத்திரம் போட மறந்திருக்கிறீர்கள்.


தாமிரபரணி22 | திங்கள், இரவு 9.50

அதேதான் அக்கா. டெஸ்க்டாப்பில் இருந்த நட்சத்திரங்களை எடுத்துவிட்டு அப்படியே என்டர் அடித்துவிட்டேன். இப்போது ‘ஓபன்எஸ்எஸ்ஹெச்-சர்வர்’ பொதியை ஏபிடி மூலம் நிறுவினேன். இணைந்துவிட்டது! முதல் தடவை ஒரு நீளமான கைரேகை எண்ணைக் காட்டி நம்பலாமா என்று கேட்டது, ‘எஸ்’ என்று முழுதாக அடித்த பிறகுதான் விட்டது.

ஹெட்லெஸ்ஸில் துவக்கினால் 40 நொடியில் உள்ளே போய்விடுகிறேன். ‘ஃப்ரீ’ கட்டளை கொடுத்துப் பார்த்தேன். ஆனால் மொத்தம் 1 ஜிபியில் ‘ஃப்ரீ’ என்ற இடத்தில் 400-தான் காட்டுகிறது, ஒன்றுமே ஓடவில்லையே?


முனையம் | திங்கள், இரவு 10.00

அந்தக் கட்டத்தைப் பார்க்காதீர்கள், கடைசியில் ‘அவைலபிள்’ என்று இருப்பதைப் பாருங்கள். சும்மா கிடக்கும் ராமை லினக்ஸ் கோப்புகளின் நகலை வைத்துக்கொள்ளப் பயன்படுத்தும். நிரலுக்கு வேண்டும் என்றால் உடனே விட்டுக்கொடுத்துவிடும்.


தாமிரபரணி22 | திங்கள், இரவு 10.06

850-க்கு மேல் இருக்கிறது. நிம்மதி.


விசைப்பலகை | செவ்வாய், காலை 7.30

இடையில் ஒரு கேள்வி. இப்படி டெஸ்க்டாப் இல்லாத வி.எம்.மில் தமிழ் எப்படி? நான் லுபுண்டு வி.எம்.மில் தமிழ்99 வைத்திருக்கிறேன், ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு நிரல்கள் எல்லாம் நிறுவித்தான் வந்தது. எழுத்துரு இல்லாமல் முதல் நாள் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது.


கருவிப்பெட்டி | செவ்வாய், காலை 8.40

நல்ல கேள்வி. எஸ்எஸ்ஹெச் வழியில் போகும்போது எழுத்துருவும் விசைப்பலகையும் விண்டோஸ் பக்கத்து வேலை. விண்டோஸ் 10-இலேயே தமிழ்99 இருக்கிறது. வி.எம்.முக்குப் போவது வெறும் யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறை) பைட்டுகள்தான், அதனால் உள்ளே ஐபஸ்ஸும் வேண்டாம், எழுத்துருவும் வேண்டாம். வி.எம்.மின் சொந்தக் கறுப்புத் திரையில் மட்டும் தமிழ் தெரியாது. கெர்னலின் அந்த முனையத்துக்குத் தமிழ் எழுத்துகளைக் கோர்க்கத் தெரியாது.

உள்ளே பார்க்க வேண்டியது லொக்கேல் (மொழி, எழுத்துக் குறியீட்டு அமைப்பு) மட்டும். ‘பிரின்ட்எஃப்’ மூலம் ‘தமிழ்’ என்ற சொல்லை ‘டபிள்யூசி’க்கு அனுப்பி, எழுத்தை எண்ணும் ‘எம்’ விருப்பத்தைக் கொடுங்கள். லொக்கேல் சரியாக இருந்தால் 5 வரும். வெறும் ‘சி’ லொக்கேலில் இருந்தால் 15 வரும், அதாவது பைட் கணக்கு. நாம் எண்ணினால் த, மி, ழ் என்று 3. கணினிக்கு இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு என்பதால் 5. எனக்கு இந்த 15, 5, 3 கணக்கு விளங்கிய அன்றுதான் யூனிகோடே விளங்கியது.

டெர்மினல் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் ஒதுக்குவதால் கொ, கௌ மாதிரி எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறித் தெரியலாம். கோப்பில் எழுத்து சரியாகவே இருக்கும், பார்க்கத்தான் அப்படி.


விசைப்பலகை | செவ்வாய், காலை 9.05

15 வந்தது. லொக்கேலை யூடிஎஃப்-8-க்கு மாற்றி மறுபடி உள்ளே போனதும் 5. நன்றி.

எனக்கு டெஸ்க்டாப் தேவைதான், எழுத்து வேலை செய்கிறேன். 8 ஜிபி மெஷின், வி.எம்.முக்கு 2 ஜிபி. அதில் எடையைக் குறைக்க என்ன செய்யலாம்?


கருவிப்பெட்டி | செவ்வாய், மதியம் 1.10

உங்கள் அளவுக்கு லுபுண்டு நல்ல தேர்வு. 18.10-லிருந்து எல்எக்ஸ்கியூடி டெஸ்க்டாப்போடு வருகிறது, நன்றாக ஓடும். எக்ஸ்எஃப்சிஇ வைத்திருப்பவர்கள் சாளர மேலாளரின் நுணுக்க அமைப்புகளில் ‘கம்போசிட்டிங்’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். நிழல்கள் போகும், சிபியு மூச்சு விடும். வி.எம். அமைப்பில் கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ, வீடியோ மெமரி 128 எம்பி. கெஸ்ட் அடிஷன்ஸ் நிறுவினால்தான் சாளர அளவுக்கேற்பத் திரை விரியும், இரு பக்கமும் நகலெடுத்து ஒட்ட முடியும்.

பிரவுசரை வி.எம்.முக்குள் திறக்காதீர்கள். தேடுவதை ஹோஸ்டில் தேடி உள்ளே ஒட்டுங்கள். இது ஒன்றே மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் மிச்சப்படுத்தும்.


தாமிரபரணி22 | வியாழன், இரவு 11.30

இன்று நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஃபோர்க் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். ஐந்து குழந்தைப் பிராசஸ் உருவாக்கும் லூப். குழந்தை தன் வேலையை முடித்ததும் ‘எக்ஸிட்’ ஆக வேண்டும், அந்த வரியை விட்டுவிட்டேன். லூப் நிபந்தனையிலும் தவறு, நிற்கவே இல்லை. குழந்தையும் லூப்பில் சுற்றி இன்னும் குழந்தைகளைப் பெற்றது. இரண்டு நொடியில் எஸ்எஸ்ஹெச் உறைந்துவிட்டது. கன்ட்ரோல்-சி அடித்தேன், ஒன்றும் ஆகவில்லை.

அந்த நேரத்தில் பக்கத்துச் சாளரத்தில் அக்காவின் மாதிரித் தேர்வு பாதியில் திறந்திருந்தது. தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஆனால் விண்டோஸ் லேசாக மெதுவானதோடு சரி, தேர்வுப் பக்கத்தின் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு சிபியுதானே கொடுத்திருந்தோம், அதைத் தாண்டி அது போகவில்லை. விர்ச்சுவல்பாக்ஸில் வி.எம்.மை நிறுத்தி, நேற்று எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினேன், அதன் பக்கத்திலிருந்துதான் @இரவுப்பறவை அண்ணா :-) அக்கா வந்து உட்கார்ந்தபோது எல்லாம் பழைய மாதிரி இருந்தது.

இந்த மாதிரி மறுபடி ஆகாமல் தடுக்க வழி உண்டா?


முனையம் | வியாழன், இரவு 11.45

உண்டு. நிரலை ஓட்டுவதற்கு முன் அதே ஷெல்லில் ‘யூலிமிட்’ கட்டளைக்குச் சிறிய ‘யு’ விருப்பம் கொடுத்து 100 என்று போடுங்கள். அந்தப் பயனரின் பிராசஸ் எண்ணிக்கை அதைத் தாண்டாது. தாண்டப் பார்த்தால் ஃபோர்க் தோற்று மைனஸ் 1 திருப்பித் தரும். நிரலில் அதைச் சோதித்து ‘பிஎரர்’ போடுங்கள், காரணமும் திரையில் வரும். ஃபோர்க் தோற்றதும் லூப்பை விட்டு வெளியேறும்படியும் எழுதுங்கள், இல்லாவிட்டால் அது சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும்.


தாமிரபரணி22 | வெள்ளி, அதிகாலை 12.20

போட்டேன். அதே தவறான நிரலை வேண்டுமென்றே மறுபடி ஓட்டினேன். 100-ஐத் தொட்டதும் ஃபோர்க் மைனஸ் 1 கொடுத்தது. ‘ரிசோர்ஸ் டெம்பரரிலி அனவெய்லபிள்’ என்று வரிசையாக வந்து ஒவ்வொன்றாக வெளியேறியது, பிராம்ப்ட் திரும்பி வந்துவிட்டது. ஃபோர்க்கின் மேன் பக்கத்தில் ‘எரர்ஸ்’ பகுதியில் முதலில் இருப்பதே இதுதான், இப்போதுதான் கவனித்தேன்.

நாளை செமஃபோர் தொடங்குகிறேன். அதற்கு இரண்டு சிபியு கொடுத்துப் பார்க்கலாமா அக்கா?


கருவிப்பெட்டி | வெள்ளி, காலை 7.50

கொடுங்கள். இரண்டு பிராசஸும் உண்மையிலேயே ஒரே நேரத்தில் ஓடும்போது செமஃபோர் இல்லாத நிரல் எப்படித் தப்புக் கணக்குப் போடுகிறது என்று சீக்கிரம் கண்ணில் படும். அக்கா தேர்வு எழுதாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.